பழைய அமெரிக்க மசில் கார் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருந்துகொண்டு, 1960களின் அந்தப் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) வண்டிகளில் ஒன்றை வாங்கியே தீருவது என்று கிளம்பியிருப்பவர்களுக்காக இது. துருப்பிடித்த கூடு முதல் கண்ணாடி மாதிரி மின்னும் வண்டி வரை எல்லாமே விற்பனைக்கு இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரு அழகான விளம்பரமும் இருக்கிறது. நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் என் சொந்த அபிப்பிராயம், அது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

மசில் கார் என்றால் எது? பழைய அமெரிக்கக் கார் எல்லாமே மசில் கார்தானா?

இல்லை. நடுத்தர அளவுக் குடும்பக் காரை எடுத்து, அதில் பெரிய காருக்கான எஞ்சினைப் போட்டு, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலைக்கு விற்றது: இதுதான் அடிப்படை. 1964 பாண்டியாக் ஜிடிஓவில் இருந்து கணக்கைத் தொடங்குவது வழக்கம். நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் போடக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தது. பாண்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டெலோரியனும் அவருடைய ஆட்களும், புது மாடல் என்று சொன்னால்தானே விதி தடுக்கும், டெம்பெஸ்ட் லெமான்ஸ் வண்டிக்கு ஒரு கூடுதல் ஆப்ஷன் என்று சொல்லிவிடுவோம் என்று 389 கன அங்குல எஞ்சினை உள்ளே நுழைத்துவிட்டார்கள். 325 குதிரைத்திறன். முதல் வருடமே 32,450 விற்றது, அதன்பிறகு விதியைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்.

பின்னாலேயே ஓல்ட்ஸ்மொபைல் 442, செவர்லே ஷெவெல் எஸ்எஸ், பியூக் ஜிஎஸ், டாட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோட் ரன்னர் எல்லாம் வந்தன. மஸ்டாங், கமாரோ, ஃபயர்பேர்ட், பாராகுடா, சேலஞ்சர் இவற்றை விஷயம் தெரிந்தவர்கள் போனி கார், அதாவது சின்ன ஸ்போர்ட்டி கார், என்று தனியாகப் பிரிப்பார்கள். ஆனால் 428 கோப்ரா ஜெட் எஞ்சின் போட்ட மஸ்டாங்கை மசில் கார் இல்லை என்று சொல்லி யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆறு சிலிண்டர் மஸ்டாங்கை மசில் கார் என்று விளம்பரம் போட்டிருந்தால் மட்டும் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள், விற்பவருக்கு வண்டி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

எந்த வருடம் வரை பார்க்கலாம்?

1964 முதல் 1972 வரை. உச்சம் 1970. அந்த வருடம்தான் ஷெவெல்லில் எல்எஸ்6 என்ற 454 கன அங்குல எஞ்சின் 450 குதிரைத்திறனோடு வந்தது, பியூக் ஜிஎஸ் 455 பெரிய டார்க்கோடு, அதாவது முறுக்குவிசையோடு, வந்தது. 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களின் கம்ப்ரஷனை, அதாவது அழுத்த விகிதத்தை, குறைத்துவிட்டது. புகை விதிகள், ஈயம் இல்லாத பெட்ரோல், கூடவே இளைஞர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏற்றிய கட்டணம் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தன. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தபோது ஏற்கெனவே பாதி முடிந்த கதை.

ஒரு விஷயம் கவனியுங்கள். 1972 வண்டியின் குதிரைத்திறன் எண் திடீரென்று விழுந்திருக்கும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். அதுவரை எஞ்சினை மட்டும் தனியாக, ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் சோதித்து எழுதிய எண். 1972 முதல் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்த எண். 454 எல்எஸ்5 எஞ்சின் 1971இல் 365, 1972இல் 270. வித்தியாசத்தில் பெரும்பகுதி அளக்கிற முறைதான். அதனால் 1971, 72 வண்டிகள் பெயரில் தெரிகிற அளவுக்குத் தாழ்ந்தவை இல்லை, ஆனால் விலையில் கொஞ்சம் கீழே இருக்கும். ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு இது லாபம்.

விளம்பரத்தில் ப்ராஜெக்ட், ரோலர், டிரைவர், சர்வைவர், ரெஸ்டோமாட் என்றெல்லாம் போடுகிறார்களே, என்ன அது?

ப்ராஜெக்ட் என்றால் வேலை பாக்கி இருக்கிற வண்டி. எவ்வளவு வேலை என்பதை அந்தச் சொல் சொல்லாது, அங்கேதான் வம்பு. ரோலர் என்றால் சக்கரம் இருக்கிறது, தள்ளினால் உருளும், எஞ்சின், கியர்பாக்ஸ் இருக்காது. பிரித்துப் போட்டு, நட்டு போல்ட் எல்லாம் காபி டப்பாக்களிலும் பழைய அட்டைப்பெட்டிகளிலும் கிடந்தால் அதற்கு பாஸ்கெட் கேஸ் என்று பெயர். களஞ்சியத்தில் முப்பது வருடம் கிடந்தது என்று தூசியோடு படம் எடுத்துப் போட்டால் பார்ன் ஃபைண்ட், அந்தத் தூசிக்கும் சேர்த்து விலை வைப்பார்கள்.

டிரைவர் என்பது ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஓட்டுகிற தரம்: தூரத்தில் இருந்து பார்த்தால் அழகு, பக்கத்தில் போனால் குறைகள் தெரியும். சர்வைவர் என்பது பிரிக்காமல், மறுபடி பெயிண்ட் அடிக்காமல் இன்று வரை பிழைத்துக் கிடப்பது. ரெஸ்டர்டு என்று சொன்னால் எந்த அளவுக்கு என்று கேளுங்கள். பாடியை சேஸில் இருந்து தூக்கி, ஒவ்வொன்றாகச் செய்ததா, இல்லை கண்ணாடியை டேப் ஒட்டி மறைத்துவிட்டு மேலாகப் பெயிண்ட் அடித்ததா? இரண்டையும் அதே சொல்லில்தான் விற்கிறார்கள். ரெஸ்டோமாட் என்பது பழைய உடம்பில் புது எஞ்சின், புது பிரேக், ஏசி எல்லாம் போட்டது.

கிளாசிக் கார் இன்சூரன்ஸில் பெரிய பெயரான ஹேகர்ட்டி 1 முதல் 4 வரை ஒரு தர வரிசை வைத்திருக்கிறது. 1 போட்டியில் பரிசு வாங்குகிற தரம், 2 மிகச் சிறப்பு, 3 நன்று, 4 சுமார். விற்பவர் சொல்கிற எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டால் உண்மைக்குக் கிட்டே வருவீர்கள்.

ப்ராஜெக்ட் வண்டி வாங்கி நானே சரி செய்தால் மலிவாக முடியும்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் மொத்தத்தையும் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாது. பெரும்பாலும் முடியாது.

கணக்கைப் பாருங்கள். பாடியைத் தூக்கிச் செய்கிற முழு வேலைக்கு ஆயிரம் மணி நேரம் என்பது சாதாரணம். ஒர்க்‌ஷாப்பில் மணிக்கு 100 டாலர் என்று குறைவாகவே வைத்தாலும் கூலி மட்டும் ஒரு லட்சம் டாலர். அதற்கு மேல் தகரம், எஞ்சின் ரீபில்டு, சீட் கவர், வயரிங், குரோம். குரோம் பூச்சு எவ்வளவு ஆகும் என்று முதல்முறை கொட்டேஷன் கேட்பவர்கள் எல்லாருமே தப்பாகக் காதில் விழுந்ததோ என்று இன்னொரு தடவை கேட்பார்கள். இத்தனையும் போட்டு முடித்த பிறகு சாதாரண 350 எஞ்சின் கமாரோவின் சந்தை விலை நீங்கள் போட்டதற்குக் கீழே இருக்கும். அந்த நஷ்டத்தை ஏற்கெனவே ஒருவர் ஏற்றுக்கொண்டு வண்டியை விற்க வந்திருக்கிறார் என்றால், அவரிடம் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சரி, ப்ராஜெக்ட் யாருக்குப் பொருந்தும்? வெல்டிங் தெரிந்து, இடம் இருந்து, வேலை செய்வதே பொழுதுபோக்காக இருப்பவருக்கு. அவருக்கு அது கார் வாங்குவது இல்லை, பத்து வருட சனிக்கிழமைகளை வாங்குவது. இன்னொரு விதிவிலக்கு மிக அரிய வண்டிகள். கிரைஸ்லரின் பேர்போன ஹெமி எஞ்சின் போட்டு வந்த வண்டியின் துருப்பிடித்த கூடும், உண்மையான எண்களும் காகிதங்களும் இருந்தால், செலவைத் தாங்கும்.

வாங்கவே கூடாத ரகம் ஒன்று உண்டு: வேறொருவர் ஆரம்பித்துப் பாதியில் விட்டது. பெயிண்டுக்கு ரெடி, எல்லாப் பாகமும் இருக்கிறது, மாட்டினால் போதும் என்று சொல்வார்கள். மாட்டினால் போதும் என்றால் அவரே மாட்டி இரண்டு மடங்கு விலைக்கு விற்றிருப்பாரே? பிரித்தவருக்கு மட்டும்தான் எந்த போல்ட் எங்கே இருந்தது என்று தெரியும், அவரும் மறந்து வருடங்கள் ஆகியிருக்கும். பாகம் எது குறைகிறது என்பது மாட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரியும்.

துரு எங்கே இருக்கும்? படத்தில் எதுவும் தெரியவில்லையே?

படத்தில் தெரிகிற துருவுக்கு வைத்தியம் உண்டு. மட்கார்டின் கீழ் ஓரம், பின் சக்கர வளைவு, டிக்கி தரை எல்லாம் புதுத் தகரம் கிடைக்கிற இடங்கள். தெரியாத இடங்களில்தான் பணம் கரையும், அது ஒவ்வொரு வண்டிக்கும் வேறு வேறு.

முதல் தலைமுறை மஸ்டாங்கில் முன் கண்ணாடிக்குக் கீழே காற்று வருகிற பெட்டி மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அதில் மழைத்தண்ணீர் இறங்கி, இலை குப்பை அடைத்து, உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே ஸ்பாட் வெல்டு அடித்து மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாளித் தண்ணீரை அந்தச் சல்லடையில் ஊற்றிவிட்டு, உள்ளே டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். கார்ப்பெட்டில் சொட்டினால் பெரிய வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். விற்பவர் தண்ணீர் ஊற்ற விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான். கூடவே முன் சஸ்பென்ஷன் நிற்கிற டவர்களையும், வண்டித் தரைக்கு அடியில் பாடிக்கு வலு சேர்க்கிற டார்க் பாக்ஸ் என்ற பெட்டிகளையும் பார்க்க வேண்டும்.

ஷெவெல், ஜிடிஓ, 442 எல்லாம் தனி சேஸ் மேல் பாடி உட்காருகிற வண்டிகள். இவற்றில் பின் கண்ணாடியின் கீழ் ஓரம் முதலில் போகும், அங்கிருந்து தண்ணீர் டிக்கிக்குள் இறங்கும். மேலே வினைல் கூரை ஒட்டியிருந்தால் ஈரம் அதற்கு அடியில் தங்கித் தகரத்தைத் தின்றிருக்கும், வினைல் குமிழ் குமிழாகத் தூக்கியிருக்கிறதா என்று கையால் தடவுங்கள். அப்புறம் வண்டியைத் தூக்கி, பின் ஆக்சிலுக்கு மேலே சேஸ் வளைந்து போகிற இடத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கணீர் என்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் உள்ளே பொடி.

கிரைஸ்லர் வண்டிகளில், அதாவது டாட்ஜ், பிளிமத்தில், தனி சேஸ் கிடையாது, பாடியே சேஸ். முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நீளமான டார்ஷன் பார் கம்பிகள், அவற்றின் பின்முனை தரைக்கு அடியில் குறுக்கே போகிற ஒரு பாகத்தில் மாட்டியிருக்கும். அந்தக் குறுக்குப் பாகம் அரித்துப் போயிருந்தால் மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நடையைக் கட்டுங்கள்.

ஒஹாயோ, மிச்சிகன், பென்சில்வேனியா பக்கம் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள், அங்கேயே வாழ்ந்த வண்டி என்றால் இரட்டைக் கவனம். அரிசோனா, நியூ மெக்சிகோ வண்டிகளில் தகரம் நன்றாக இருக்கும், ஆனால் வெயில் டாஷ்போர்டையும் சீட்டையும் ரப்பரையும் வறுத்திருக்கும். எனக்குக் கேட்டால் வறுத்த சீட் எவ்வளவோ மேல்.

பெயிண்டுக்கு அடியில் பட்டி இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதியிலும் பின் மட்கார்டிலும் நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி. இன்னும் துல்லியம் வேண்டுமானால் பெயிண்ட் கனம் அளக்கிற கருவி வாங்கலாம், விலை அதிகம் இல்லை. பழைய வண்டியில் கொஞ்சம் பட்டி இருப்பது குற்றம் இல்லை, நல்ல டிங்கரிங் வேலைக்குப் பிறகும் மெல்லிய பூச்சு இருக்கத்தான் செய்யும். தகரத்துக்குப் பதிலாகவே பட்டி இருந்தால்தான் பிரச்சினை.

நம்பர்ஸ் மேட்சிங் என்பதற்கு ஏன் இவ்வளவு விலை?

தொழிற்சாலையில் மாட்டிய அதே எஞ்சின், சில சமயம் அதே கியர்பாக்ஸும் ஆக்சிலும், இன்னும் அந்த வண்டியில் இருக்கிறது என்று பொருள். 1968 முதல் வின் எண் என்கிற வண்டியின் அடையாள எண்ணின் கடைசிப் பகுதியை எஞ்சின் பிளாக்கிலும் பெரும்பாலும் அடித்திருப்பார்கள், அதை டாஷ்போர்டில் இருக்கிற தகட்டோடு ஒப்பிடலாம். இந்த வண்டிகளை அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் ரேஸ் விட்டு எஞ்சினை உடைத்தவர்கள், அதனால் அசல் எஞ்சின் மிஞ்சியவை குறைவு. அதுதான் விலைக்குக் காரணம்.

விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண் அடிக்கிற ஆட்கள் உண்டு. செவர்லே எஞ்சினில் எண் அடிக்கிற மேடையில், தொழிற்சாலை இயந்திரம் சீவிய மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும். வழவழ என்று இருந்தால் சந்தேகம், ரீபில்டு செய்தபோது மேல்பரப்பைச் சீவியிருக்கலாம், எண்ணை மாற்றியும் இருக்கலாம். பிளாக்கை வார்த்த தேதியும் அதிலேயே வார்ப்பில் இருக்கும். எஞ்சின் வார்த்த தேதி வண்டி செய்த தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், மேட்சிங் என்று சொல்பவரிடம் ஒரு புன்னகையோடு விடைபெறலாம்.

ஓட்டுவதற்கு மட்டும் வாங்குகிறவர் இதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டிய அவசியமே இல்லை. எண் பொருந்தாத வண்டியை மூன்றில் ஒரு பங்கு குறைவாகக்கூடப் பேசி வாங்கலாம், ஓடும்போது எஞ்சின் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டு ஓடுவதில்லை.

இது உண்மையான எஸ்எஸ் தானா, ஜிடிஓ தானா என்று எப்படித் தெரியும்?

பேட்ஜ் ஐம்பது டாலருக்குக் கிடைக்கிறது, அதை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் வழி வேறு.

பாண்டியாக் வாங்குவது சுலபம். 1966 முதல் 1971 வரை ஜிடிஓ தனி மாடல், வின் எண் 242 என்று தொடங்கும். 1964, 65இல் அது ஆப்ஷன் மட்டுமே என்பதால் எண் லெமான்ஸ் என்றுதான் காட்டும். அங்கே பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற இடத்தில் கட்டணம் கட்டினால் தொழிற்சாலை பில் நகலே வரும். அதைப் பார்க்காமல் 1964 ஜிடிஓவுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஓல்ட்ஸ் 442வும் 1968 முதல் 71 வரை 344 என்று தொடங்கும்.

ஃபோர்டில் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லிவிடும். மஸ்டாங்கில் கே என்றால் 289 ஹைப்போ, ஆர் என்றால் 428 கோப்ரா ஜெட் ராம் ஏர், இசட் என்றால் பாஸ் 429. 1967 முதலான வண்டிகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்று ஒன்று வாங்கலாம், ஃபோர்டின் சொந்த உற்பத்திப் பதிவுகளில் இருந்து எடுத்துக் கொடுப்பது. எந்த நிறம், எந்த ஆக்சில், எந்த டீலர் வரை வந்துவிடும்.

கிரைஸ்லரிலும் ஐந்தாவது எழுத்துதான். 1970 வண்டியில் ஆர் என்றால் 426 ஹெமி, வி என்றால் மூன்று கார்புரேட்டர் 440, என் என்றால் 383. பானெட்டுக்குள் ஃபெண்டர் டேக் என்று ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் ஆப்ஷன்கள் குறியீடாக அடித்திருக்கும். பின் சீட் ஸ்பிரிங்குகளுக்குள் பிராட்காஸ்ட் ஷீட் என்ற தொழிற்சாலைத் தாள் இன்னும் செருகிக் கிடக்க வாய்ப்பு உண்டு. ஐம்பது வருடம் மற்றவர்கள் உட்கார்ந்த சீட்டுக்கு அடியில் இருந்து அந்தத் தாளை எடுப்பது தனி சுகம்.

கஷ்டம் செவர்லேதான். 1966 முதல் 68 வரை ஷெவெல் எஸ்எஸ் 396க்கு 138 என்ற தனி எண் உண்டு. 1969 முதல் எஸ்எஸ் வெறும் ஆப்ஷன், வின் எண் ஒன்றும் சொல்லாது. 1970 எஸ்எஸ்ஸும் மாலிபு என்ற சாதாரண ஷெவெல்லும் எண்ணில் ஒன்றே. அமெரிக்காவில் விற்றவற்றுக்குக் கம்பெனிப் பதிவும் கிடையாது. கனடாவில் புதிதாக விற்ற வண்டி என்றால் ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவிடம் இருந்து பத்திரம் வாங்கலாம், அதனால் கனடா வண்டிகளுக்குத் தனி மவுசு. மற்றவற்றுக்கு பில்டு ஷீட் என்ற தொழிற்சாலைத் தாள் வேண்டும். அது பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டியிருக்கும், டேங்கை இறக்கினால்தான் தெரியும். அதுவும் இல்லை என்றால், 1969, 70 வண்டியில் பின் ஆக்சில் மூடியில் 12 போல்ட் இருக்கிறதா என்று எண்ணுங்கள். 10 என்றால் ஒன்று எஸ்எஸ் இல்லை, அல்லது ஆக்சில் மாறியிருக்கிறது. 12 இருந்தால் அது மட்டுமே சாட்சி ஆகிவிடாது, மாலிபுவில் கொண்டுவந்து மாட்ட ஒரு மதியம் போதும்.

க்ளோன் வண்டி வாங்கலாமா?

தாராளமாக. மாலிபுவை எஸ்எஸ் ஆக்கியிருக்கிறேன் என்று விற்பவரே சொல்லி, அதற்கேற்ற விலை வைத்திருந்தால் எனக்குப் பிடித்த வண்டிகள் அவைதான். மழையில் எடுக்கலாம், கடை வாசலில் நிறுத்தலாம்.

முதல் வண்டிக்கு எந்த மாடல் நல்லது?

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிற மாடல். மஸ்டாங், 1967 முதல் 69 வரையான கமாரோ, ஷெவெல் இந்த மூன்றுக்கும் ஆணி முதல் கூரை வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். முழு பாடியையே புதிதாக அடித்து விற்கும் டைனாகார்ன் என்ற கம்பெனிகூட இருக்கிறது. ஜிடிஓ, சார்ஜர், சேலஞ்சருக்கும் பரவாயில்லை. பியூக், ஓல்ட்ஸ், மெர்க்குரி, ஏஎம்சி வண்டிகளை மலிவாகப் பார்க்கலாம், ஓட்டுவதற்கும் அருமையானவை, ஆனால் டாஷ்போர்டில் ஒரு பிளாஸ்டிக் உடைந்தால் நாடு முழுக்கத் தேட வேண்டும். இவற்றை வாங்கினால் எல்லாப் பாகமும் முழுசாக இருக்கிற வண்டியாக வாங்குங்கள்.

என் சொந்தத் தேர்வைக் கேட்டால் 1968 முதல் 70 வரையான 383 எஞ்சின் ரோட் ரன்னர். தேவையில்லாத அலங்காரம் எல்லாம் கழற்றி, விலை குறைத்து விற்ற வண்டி அது. கார்ட்டூன் பறவையின் பெயருக்கும் படத்துக்கும் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள், ஹாரன்கூட அந்தப் பறவை மாதிரியே பீப் பீப் என்று கத்தும். நாற்பது வயதுக்கு மேல் ஆன ஆள் வேலைக்குப் போகும் வழியில் அந்த ஹாரனை அடிப்பது எவ்வளவு அபத்தமோ அவ்வளவு சந்தோஷம்.

ஏலத்தில் வாங்குவதா, ஓனரிடம் நேராக வாங்குவதா?

ஜனவரியில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் பாரெட் ஜாக்சன், புளோரிடாவின் கிஸிமியில் மீகம், இரண்டும் திருவிழா. பார்க்கப் போங்கள், கை தூக்காமல் இருங்கள். மேடையில் வண்டி நிற்பது சில நிமிடம், ஓட்டிப் பார்க்க முடியாது, விளக்கு வெளிச்சத்தில் எல்லாப் பெயிண்டும் அழகு. ஏலத் தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் பத்து சதவீதம் போல வரும், அதை மனதில் கூட்டிக்கொள்ளாமல் கை தூக்குபவர்கள் ஏராளம். பிரிங் எ டிரெய்லர் போன்ற இணைய ஏலங்களில் நூற்றுக்கணக்கான படமும், மற்றவர்கள் கேட்கிற கிண்டலான கேள்விகளும் சேர்ந்து கிடைப்பதால் கற்றுக்கொள்ளவே நல்ல இடம். கிளாசிக் கார் டீலர்கள் பளபளப்பாக்கி லாபம் வைத்து விற்பார்கள், பெரும்பாலான டீலருக்கு அந்த வண்டியின் கதை தெரியாது.

ஓனரிடம் வாங்குவதுதான் என் ஓட்டு, அதிலும் பத்துப் பதினைந்து வருடம் வைத்திருந்து, பில் எல்லாம் ஃபைலில் போட்டு வைத்திருக்கிற பெரியவரிடம். அந்த மாடலுக்கான கிளப்பில் சேர்ந்தால் இப்படிப்பட்டவர்கள் விளம்பரம் போடும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் நேரில் போக முடியாத ஊர் என்றால் அந்த வண்டி தெரிந்த ஒருவருக்குப் பணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு டாலர்தான். ஏசிக்கு வெறும் கேஸ் அடித்தால் போதும் என்று விற்பவர் சொன்னால், அப்படியானால் அவரே ஏன் அடிக்கவில்லை என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

பேப்பர் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

டைட்டில் என்கிற உரிமைப் பத்திரம் விற்பவரின் பெயரிலேயே இருக்கிறதா, அதில் உள்ள வின் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒவ்வொரு இலக்கமாகப் பொருந்துகிறதா, கடன் பாக்கி எழுதியிருக்கிறதா. நியூயார்க் மாநிலம் 1972க்கும் அதற்கு முந்தைய வண்டிகளுக்கும் டைட்டில் கொடுப்பதே இல்லை, பதிவுச் சான்றை மாற்றித் தருவார்கள், அது முறையானதுதான். டைட்டில் கொடுக்கிற மாநிலத்தில் டைட்டில் தொலைந்துவிட்டது, நீங்களே வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னால், அவர் வாங்கித் தந்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள்.

வின் தகட்டின் ரிவெட்டையும் பாருங்கள். 1960களின் நடுவில் இருந்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் பூ இதழ் மாதிரியான ரிவெட் இருக்கும். சாதாரண ரிவெட் இருந்தால் யாரோ தகட்டைக் கழற்றியிருக்கிறார்கள். திருட்டு வண்டியாக முடிந்தால் வண்டியும் போகும், பணமும் போகும்.

தினமும் ஓட்டலாமா?

ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர், அதுவும் பிரீமியம் பெட்ரோலில், என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருக்கிற வண்டி என்றால் முன்பக்கம் டிஸ்க் போடுவது நீங்கள் செய்யும் முதல் செலவாக இருக்கட்டும். 1966 வரைக்குமான பல வண்டிகளில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை கொண்டது, ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. இரண்டு அறை கொண்டதாக மாற்றுவது பெரிய செலவில்லை. பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கரைக்கும், அவற்றையும் மாற்றிவிடுங்கள், தீப்பிடிக்கிற விஷயம். எஞ்சின் ஆயிலில் துத்தநாகச் சேர்மம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் அந்தக் காலத்து கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிடும்.

கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரைக்குமான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது, அந்தக் கவலை வேண்டாம்.

இது முதலீடுதானே? வீட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

சொன்னது சொன்னதாக இருக்கட்டும். 2014இல் 1971 ஹெமி குடா (ஹெமி எஞ்சின் போட்ட பாராகுடா) கன்வெர்டிபிள் ஒன்று சியாட்டில் மீகம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வகை அந்த வருடம் செய்ததே பத்துப் பதினொன்றுதான். உங்கள் 350 எஞ்சின் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சாதாரண வண்டியை நல்ல விலைக்கு வாங்கி, துரு வராமல் வைத்திருந்தால், விற்கும்போது போட்ட பணத்துக்குப் பக்கத்தில் வரலாம். புது எஸ்யூவி வாங்கியவர் மூன்று வருடத்தில் இழப்பதோடு ஒப்பிட்டால் மோசமில்லை, வீட்டில் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் எப்படி?

சாதாரண கார் பாலிசியில் சேர்க்காதீர்கள். விபத்து நடந்தால் ஐம்பது வருடப் பழைய வண்டி என்று தேய்மானம் போட்டு ஒரு தொகை நீட்டுவார்கள். கிளாசிக் கார் பாலிசியில் மதிப்பை முதலிலேயே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதிவிடலாம். பத்திரத்தில் ஒப்புக்கொண்ட மதிப்பு என்று இருக்க வேண்டும், நீங்கள் தெரிவித்த மதிப்பு என்று மட்டும் இருந்தால் அது வேறு சங்கதி. பிரீமியம் குறைவு, ஆனால் பூட்டுகிற கராஜும், தினசரி ஓட்ட வேறு காரும் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

டொரொண்டோவுக்குக் கொண்டுபோக முடியுமா?

முடியும். 15 வருடத்துக்கு மேல் பழைய வண்டிகளுக்குக் கனடாவின் இறக்குமதி வாகனப் பதிவுத் திட்டத்தில் இருந்து விலக்கு உண்டு. அமெரிக்க எல்லையில் ஏற்றுமதிக்கு முன்கூட்டியே பேப்பர் கொடுக்க வேண்டும், போய் நின்றுவிட்டு அன்றே கடக்க முடியாது. வரி தனி.

வண்டியை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது?

லாரியில். வாங்கிய அன்றே ஆயிரம் மைல் ஓட்டி வருகிறேன் என்று கிளம்பாதீர்கள், டயர் எந்த வருடத்தது என்றே உங்களுக்குத் தெரியாது. டிரைவர் தர வண்டிக்குத் திறந்த லாரி போதும், விலை உயர்ந்த பெயிண்ட் என்றால் மூடிய லாரி, ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். ஏற்றும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து, வண்டியில் இருக்கிற கீறல்களை எல்லாம் லாரி ஓட்டுபவர் எழுதுகிற ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். ஓடாத வண்டி என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், வண்டியை இழுத்து ஏற்றுகிற விஞ்ச் உள்ள லாரி வர வேண்டும். அப்புறம் உங்கள் கராஜை ஒரு தடவை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 1970 சார்ஜர் பதினேழு அடிக்கு மேல் நீளம், சின்ன கராஜ் என்றால் ஷட்டர் மூடாமல் போகலாம்.